பன்னிரண்டாம் வகுப்பில் பறிக்கப்படும் எழுதும் உரிமை

2023 ஆகஸ்டில் திருவனந்தபுரம் காட்டன் ஹில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் சில துணைப் பாடநூல்களை வெளியிட்டார். வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கான அந்நூல்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக மாநிலக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமான எஸ்சிஇஆர்டியால் தயாரிக்கப்பட்டவை. "பாடச்சுமையைக் குறைக்கிறோம்" என்ற பெயரில் ஒன்றிய அரசின் என்சிஇஆர்டி வெட்டியெறிந்த பகுதிகள் அவற்றில் மாணவர்களின் கைக்குத் திரும்பி வந்தன. முகலாயர் அரசவை பற்றிய பாடம், காந்தி படுகொலைக்குப் பின் ஆர்எஸ்எஸ் தடை செய்யப்பட்ட செய்தி, 2002 குஜராத் வன்முறை ஆகியவை இருந்ததாகவே தெரியாத ஒரு தலைமுறையை உருவாக்க முயன்ற இந்துத்துவ ஆட்சியாளர்களுக்குத் தென்கோடியிலிருந்து கொடுக்கப்பட்ட பதிலடி அது.

அந்தப் பதிலடி நியாயமானது, தேவையானது. ஆனால் அதோடு கடமை முடிந்துவிட்டதாகக் கருதினால் அது பெரும் பிழையாகும். வெட்டப்பட்ட பாடம் மாணவரின் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு, தான் புரிந்துகொண்டதைத் தன் சொந்த வாக்கியத்தில், காரணம் காட்டி, நான்கு பக்கம் எழுத அந்த மாணவரால் முடிகிறதா? அப்படி எழுத வேண்டிய தேவை அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் எந்தத் தேர்விலாவது இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் வரலாற்று வகுப்பறை அன்று, மொழி வகுப்பறை. பன்னிரண்டாம் வகுப்பில் இலக்கியமும் கட்டுரையும் கற்பிக்கப்படும் அந்த வகுப்பறைதான் இன்று ஓசையின்றிச் சூறையாடப்படுகிறது.

ஒரு வாக்கியமும் எழுதாமல் பல்கலைக்கழகம்

2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப்படிப்புச் சேர்க்கை இனி 'கியூட்' என்னும் பொது நுழைவுத் தேர்வின் அடிப்படையிலேயே நடைபெறும் என்றும், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் குறைந்தபட்சத் தகுதிக்கு மட்டுமே பயன்படும் என்றும் அது கூறியது. காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கல்ல. மாநிலங்களின் பள்ளிக் கல்வியை ஒரே அடியில் பொருளற்றதாக்கும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து 2022 ஏப்ரல் 11 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

அந்த எதிர்ப்பில் மாநில உரிமை பேசப்பட்டது. பயிற்சி மையங்களின் கொள்ளை பேசப்பட்டது. இரண்டும் சரியே. ஆனால் மூன்றாவது ஒன்று போதிய அழுத்தத்துடன் பேசப்படவில்லை. இத்தேர்வில் தமிழ், மலையாளம் உள்ளிட்ட 13 மொழிகளுக்குத் தனித்தனித் தாள்கள் உண்டு. பத்தியைப் படித்துப் பொருள் கொள்ளும் திறன், சொல்வளம், இலக்கிய நாட்டம் ஆகியவற்றைச் சோதிப்பதாக அவை சொல்லிக்கொள்கின்றன. சோதிக்கும் முறையோ ஒன்றே ஒன்று: கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்தல். 2025இல் இருந்த வடிவத்தின்படி 60 நிமிடத்தில் 50 வினாக்கள். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறானதற்கு 1 மதிப்பெண் கழிவு. இலக்கியத்தையே பட்டப்படிப்பாக எடுக்க விரும்பும் மாணவர்கூட, ஒரு வாக்கியமும் எழுதிக் காட்டாமல் உள்ளே நுழையலாம். எழுதத் தெரிந்தவர் அதைக் காட்ட வழியின்றி வெளியே நிற்கவும் நேரலாம்.

மேலிருந்து வரும் இந்த அழுத்தம் பள்ளித் தேர்வுகளுக்குள்ளும் இறங்குகிறது. 2024-25 கல்வியாண்டில் சிபிஎஸ்இ, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் குறுவிடை, நெடுவிடை வினாக்களின் பங்கை 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைத்தது. 2020 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கையின் பெயராலேயே இது செய்யப்பட்டது. மனப்பாடக் கல்வியை ஒழிக்கிறோம் என்று முழங்கியவர்கள், மனப்பாடத்தைவிட மலிவான ஒன்றை அதன் இடத்தில் வைக்கிறார்கள். மனப்பாடம் செய்பவருக்குக்கூட விடையை முழு வாக்கியமாக நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. புதிய முறையிலோ நான்கில் மூன்றை ஒதுக்கும் தந்திரமே போதும்.

கத்தரியும் அச்சும்

எதைப் படிக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் கத்தரி ஒருபுறம். படித்ததைப் பற்றி எதுவும் எழுதத் தேவையில்லாமல் செய்யும் அச்சு மறுபுறம். இவ்விரண்டும் ஒரே கையில்தான் இருக்கின்றன.

வரலாற்றுப் பாடங்களை வெட்டிய அதே நடவடிக்கையில் பன்னிரண்டாம் வகுப்பு இந்திப் பாடநூல்களிலிருந்து நிராலாவின் கவிதையும் பிராக் கோரக்புரியின் கஜலும் நீக்கப்பட்டன. இந்தியை நாடு முழுவதும் திணிக்கத் துடிப்பவர்களுக்கு இந்தியின் மாபெரும் கவியே வேண்டாதவராகிவிட்டார். உருதுக் கவியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதற்கு முன், 2021 ஆகஸ்டில், தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும், தமிழ்ப் படைப்பாளிகளான பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துக்களும் அகற்றப்பட்டன. பழங்குடிப் பெண், தலித் பெண் என வரிசையாக வெளியேற்றப்பட்டவர்கள் யார் என்று பார்த்தாலே வெளியேற்றியவர்கள் யார் என்பது விளங்கும்.

கேரளத்தின் மேல்நிலை மொழிப் பாடநூல்களை எஸ்சிஇஆர்டியே தயாரிப்பதால் தில்லியின் கத்தரி அவற்றை நேரடியாக எட்டவில்லை. ஆனால் அச்சு எட்டிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் நுழைந்த நாளிலிருந்து, எழுதத் தேவையில்லாத தேர்வுகளுக்கே மாணவரின் நேரமும் பெற்றோரின் பணமும் செல்கின்றன. ராஜஸ்தானத்தின் கோட்டா முதல் கேரளத்தின் பாலா வரை ஊர்களே பயிற்சி மையங்களாக மாறியிருக்கின்றன. மொழிப் பாடம் தேர்ச்சிக்கு மட்டும் தேவையான ஒரு சடங்காகச் சுருங்கிவிட்டது.

"உழைப்பாளியின் பிள்ளைக்குக் கட்டுரை எதற்கு?"

இதற்கு ஆதரவாக இரண்டு வாதங்கள் வைக்கப்படுகின்றன. அவை முற்போக்கு முகமூடி அணிந்து வருவதால் கட்சி அணிகளிடையேயும் சிலரை மயக்குகின்றன.

முதல் வாதம்: விடையைத் தெரிவு செய்யும் தேர்வு நடுநிலையானது, திருத்துபவரின் சாதிப் பார்வைக்கும் வர்க்கப் பார்வைக்கும் அதில் இடமில்லை, அழகிய கையெழுத்தும் அலங்கார நடையும் மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்கே சாதகம். இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கட்டுரைத் தாளைத் திருத்துவதில் பாரபட்சம் நுழையக்கூடும் என்பது மறுக்க இயலாதது. அதற்கு மருந்து, விடைத்தாளில் பெயரை மறைப்பதும், இருவர் திருத்துவதும், திருத்தும் ஆசிரியருக்குப் பயிற்சி அளிப்பதுமாகும்; எழுத்தையே ஒழிப்பதன்று. மேலும், தெரிவு செய்யும் தேர்வு பாரபட்சத்தை ஒழிக்கவும் இல்லை. திருத்துபவரின் மேசையில் இருந்த பாரபட்சத்தை அது பயிற்சி மையத்தின் கட்டணச் சீட்டுக்கு இடம் மாற்றியிருக்கிறது. விரைவாக விலக்கும் தந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்க முடிந்தவர் முந்துகிறார், முடியாதவர் பிந்துகிறார்.

இரண்டாவது வாதம்: உழைப்பாளியின் பிள்ளைக்கு உடனடித் தேவை வேலை, தொழிற்திறன் கற்றுக்கொடுங்கள், கவிதையும் கட்டுரையும் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. இந்த வாதத்தை நூறாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர் அந்தோனியோ கிராம்சி. 1923இல் முசோலினி ஆட்சியின் கல்வி அமைச்சர் ஜென்டிலே கொண்டுவந்த சீர்திருத்தத்தை அவர் சிறையிலிருந்து ஆராய்ந்தார். ஏழைகளுக்கெனப் பல வகைத் தொழிற்பள்ளிகளைத் திறப்பது ஜனநாயகம் போலத் தோன்றும். உண்மையில் அது வர்க்க வேறுபாட்டைக் கல்லில் செதுக்கி நிலைநிறுத்தும் என்பது அவருடைய முடிவு. அனைவருக்கும் பொதுவான, அறிவுப் பயிற்சி நிறைந்த ஒரே பள்ளியை அவர் முன்வைத்தார். ஆளும் வர்க்கத்தின் பிள்ளைகள் எழுதவும் வாதிடவும் கற்றுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் செல்லும் சர்வதேசப் பள்ளிகளில் நீண்ட கட்டுரை கட்டாயமாக நீடிக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதி அனுப்புகிறார். எழுத்து தேவையில்லை என்ற அறிவுரை அரசுப் பள்ளி வாசலில் மட்டும்தான் வழங்கப்படுகிறது.

கட்டுரை என்ன செய்யும்?

கேரளத்தில் 2015இல் வெளியான பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் ஓர் உதாரணம். அதன் முதல் அலகில் சர்வதேச நாணய நிதியத்தின் தலைவராக இருந்த கிறிஸ்டின் லகார்டின் உரை ஒன்று இடம்பெற்றது. பெண்களின் முன்னேற்றத்துக்குக் கற்றல், உழைப்பு, தலைமை ஆகிய மூன்றும் தேவை என்பது அதன் சாரம். அதே அலகில் வங்க எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவியின் 'தீப்பெட்டி' கதையும் உண்டு. குடும்பத்துக்குள் பெண்ணின் சினம் எப்படி எரியாமல் அடக்கப்படுகிறது என்பதைப் பேசும் கதை அது.

அந்நூல் வகுப்பறைக்கு வந்த அதே 2015இன் செப்டம்பரில், கேரளத்தின் மூணாறில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டு வீதியில் அமர்ந்தார்கள். அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் எழுந்த அந்தப் போராட்டம் நிர்வாகத்தை மட்டுமன்றித் தொழிற்சங்கத் தலைமைகளையும் கேள்வி கேட்டது. இடதுசாரிச் சங்கங்களும் அந்தக் கேள்விக்கு உள்ளாயின.

அரசுகள் செலவைச் சுருக்க வேண்டும், தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்த வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் நிறுவனத்தின் தலைவர் 'உழைப்பு' என்று சொல்லும்போது அதற்கு என்ன பொருள்? மூணாற்றுப் பெண் அதே சொல்லைச் சொல்லும்போது என்ன பொருள்? தீப்பெட்டிக்குள் அடக்கப்பட்ட சினம் மூணாறு வீதியில் எப்படிப் பற்றியது? இதை ஒரு பதினேழு வயது மாணவி ஒப்பிட்டு எழுதினால் அதன் பெயர் கட்டுரை. அவள் லகார்டை ஏற்கலாம், மறுக்கலாம். காரணம் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நாணய நிதியத்தின் உரை பாடநூலில் இருப்பதே குற்றமாகாது. அதை மறுத்து எழுதும் ஆற்றலை மாணவிக்குக் கொடுக்காமல் விடுவதே குற்றமாகும்.

நடப்பது என்ன? "மூன்று கூறுகளையும் எழுதுக" என்ற வினாவுக்குக் கடையில் வாங்கிய கைடு மூன்று வரி தருகிறது. மாணவி அதை ஒப்பிக்கிறாள். மதிப்பெண் கிடைக்கிறது. லகார்டும் தப்பிவிடுகிறார், மூணாறும் மறைந்துவிடுகிறது.

அதே நூலில் செம்மனம் சாக்கோவின் நெல் பற்றிய கவிதையின் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. வடக்கே ஆய்வுப் பட்டம் பெற்றுச் சொந்த ஊர்ச் சோற்றுக்கு ஏங்கித் திரும்பும் இளைஞன், வயலெல்லாம் ரப்பர் தோட்டமாகிவிட்டதைக் காண்கிறான். 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய மாநிலத்தில் இந்தக் கவிதையை ஒரு மாணவர் தன் ஊர் வயலோடு சேர்த்து எழுத முடிந்தால், வேளாண் நெருக்கடியைப் பற்றிப் பத்துக் கூட்டங்களில் கேட்டு அறிவதைவிட அதிகமாக அறிந்திருப்பார். இலக்கியம் வாழ்வைக் காட்டுகிறது; கட்டுரை அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வைக்கிறது. தீர்ப்புச் சொல்லத் தெரிந்த உழைப்பாளியைத்தான் மூலதனம் அஞ்சுகிறது.

சொந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தல்

தில்லியை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது, நேர்மை ஆகாது. கேரளத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வுத் தரவரிசையில் மேல்நிலைக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் சேர்க்கப்பட்டன. மொழி மதிப்பெண்ணுக்கு இடமில்லை. நுழைவுத் தேர்வை ஒழித்த பெருமைக்குரிய தமிழ்நாட்டிலும் பொறியியல் 'கட்-ஆஃப்' கணக்கில் தமிழும் ஆங்கிலமும் இல்லை. 2018இல் அன்றைய அதிமுக அரசு மேல்நிலை மொழிப் பாடங்களின் இரண்டு தாள்களை ஒன்றாக்கியபோது, கட்டுரைக்கும் மொழிப் பயிற்சிக்கும் பெரிதும் இடமளித்த இரண்டாம் தாள் மறைந்தது. சுமை குறைந்தது என்று வரவேற்கப்பட்டதே தவிர, எழுதும் இடம் குறைந்தது என்று குரல் எழுப்பியவர்கள் சிலரே.

2023 டிசம்பரில் கேரளப் பொதுக்கல்வி இயக்குநர், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மாணவர்களும் 'ஏ பிளஸ்' பெறுகிறார்கள் என்று ஓர் உள் கூட்டத்தில் பேசியது வெளியே கசிந்து பெரும் சர்ச்சையானது. அரசு அக்கருத்து தன் கொள்கையல்ல என்றது. அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பிலிருந்து படிப்படியாக, எழுத்துத் தேர்வில் பாடவாரியாகக் குறைந்தபட்சம் 30 சதவீத மதிப்பெண் வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்த முடிவுக்கு இடதுசாரிக் கல்வி வட்டங்களிலேயே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. எழுதக் கற்றுக்கொடுக்காத பள்ளி, எழுதத் தெரியவில்லை என்று குழந்தையைத் தண்டிப்பது இரட்டை அநீதி. ஆனால் எல்லோருக்கும் உயர் தரவரிசை கொடுத்து உண்மையை மூடி வைப்பதும் சமத்துவம் ஆகாது. தோல்வியும் வேண்டாம், பொய் வெற்றியும் வேண்டாம், கற்பித்தல் வேண்டும்.

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலப் பள்ளிக் கலைவிழாவிலும் கதை, கவிதை, கட்டுரைப் போட்டிகள் நடந்தன. வென்றவர்களுக்குக் கருணை மதிப்பெண் உண்டு. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் எழுதும் ஆற்றல் மேடையில் சிலர் பெறும் பரிசாகவும், வகுப்பறையில் எவருக்கும் தேவைப்படாத ஒன்றாகவும் இருக்கும் நிலை ஒரு முரண்பாடு என்பதை மறைக்க இயலாது.

திருவனந்தபுரத்தின் தமிழும் மரபும்

திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை இது தமிழர்களின் பிரச்சினையும் ஆகும். 'மனோன்மணீயம்' இயற்றிய சுந்தரம் பிள்ளை இந்நகரின் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். சாலை கடைத்தெருவின் மனிதர்களை எழுதிய ஆ. மாதவன், 'தலைமுறைகள்' தந்த நீல. பத்மநாபன், மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தமிழில் எழுதிய நகுலன் ஆகியோர் இந்நகரில் வாழ்ந்து எழுதியவர்கள். கேரள மேல்நிலைக் கல்வியில் தமிழ் இரண்டாம் மொழிகளுள் ஒன்று. சாலையில் சுமை தூக்குபவரின் பிள்ளைக்கும், இடுக்கித் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் தாய்மொழியில் கட்டுரை எழுதும் வாய்ப்பைத் தரும் கடைசி வகுப்பு பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பே. அங்கே அது வெறும் தேர்ச்சிச் சடங்கானால், அம்மொழி அவர்களுக்கு வீட்டில் பேசுவதோடு நின்றுவிடும்.

பொதுவுடைமை இயக்கத்துக்கு இது புதிய கவலையன்று. 1957இல் அமைந்த இ.எம்.எஸ். அமைச்சரவை கல்வித் துறையை ஜோசப் முண்டசேரி என்ற இலக்கியத் திறனாய்வாளரின் கையில் ஒப்படைத்தது. அவர் கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி நிர்வாகங்களின் பிடியிலிருந்து ஆசிரியரை விடுவிக்க முயன்றது. அதைச் சகிக்க முடியாத சக்திகள் நடத்திய 'விமோசன சமர'த்தின் முடிவில், 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. அன்றைய திருவிதாங்கூரின் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, அதே 1959இல் 'தாமரை' இலக்கிய இதழைத் தொடங்கினார். வர்க்கப் போராட்டத்தையும் இலக்கியத்தையும் இரண்டாகப் பிரிக்காத மரபு அது.

செய்ய வேண்டியவை

கியூட் தேர்வை ரத்து செய்து, பல்கலைக்கழகச் சேர்க்கையில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு உரிய இடத்தை மீட்க வேண்டும். தொழிற்படிப்புச் சேர்க்கை உட்பட எல்லாவற்றிலும் மொழிப் பாடத்துக்கு ஒரு பங்கு அளிக்க வேண்டும். மேல்நிலை மொழித் தாளில், பாடநூலில் விடை இல்லாத, மாணவர் தாமே சிந்தித்து எழுத வேண்டிய கட்டுரை வினா கட்டாயமாக வேண்டும். அகமதிப்பீட்டின் 20 மதிப்பெண் வருகைப் பதிவுக்கான கொடையாக இல்லாமல், மாணவர் எழுதி, ஆசிரியர் திருத்தி, மீண்டும் எழுதிய படைப்புகளுக்கு உரியதாக வேண்டும். ஒரு மொழியாசிரியர் நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்த வேண்டியிருக்கும்வரை இவை எதுவும் நடவாது. ஆகவே ஆசிரியர் நியமனமும் சிறிய வகுப்புகளும் இக்கோரிக்கையின் உயிர்நாடி.

இவற்றுக்காக மாணவர், வாலிபர், ஆசிரியர் அமைப்புகள் களம் காண வேண்டும். அதற்கிடையே கட்சிக் கிளைகள் அரசாணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கிளை நூலகத்தில், வாசகசாலையில், வாரம் ஒரு மாலை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை அமர்த்தி ஒரு கதையைப் படிக்கச் செய்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் செய்து, அதைச் சக மாணவர்கள் விவாதிக்கச் செய்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தம் பிள்ளையின் மொழிப் பாடத்தை "அது தேறினால் போதும்" என்று ஒதுக்கும் தோழர், அந்தப் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும்.

காட்டன் ஹில்லில் வெட்டப்பட்ட பக்கங்கள் மீட்கப்பட்டன. அந்தப் பக்கங்களைப் படித்த மாணவி, காந்தியைக் கொன்றது எந்தச் சிந்தனை என்று தன் கையால், தன் வாக்கியத்தில், எவரும் கொடுக்காத ஐந்தாவது விடையாக எழுதும்போதுதான் அந்த மீட்பு முழுமை பெறும்.